கரை ஏறிய வயதில் கோயில் பணி: பக்கத்திலிருந்து பார்த்தவர்கள் சொல்வது

மண்டபத்திலிருந்து:

படகை மகனிடம் ஒப்படைத்துவிட்டு, அறுபதை ஒட்டிய வயதில் நம் கத்தோலிக்கக் கோயில் பங்குக்கு ஏதாவது செய்ய வேண்டும் என்று உள்ளுக்குள் உந்துதல் வருகிறவர்கள் நம் கரையில் நிறையப் பேர். வேதம் சொல்லிக்கொடுக்கும் உபதேசியாராகப் போவதா, நோயாளிகளைப் பார்ப்பதா என்று தெளிவில்லை. ஆண்டவர்தான் கூப்பிடுகிறாரா, தொழில் இல்லாமல் மனசு அலைகிறதா என்ற குழப்பம் வேறு. இவர்களோடு நடந்தவர்கள் எழுதுங்கள். அவரவர் கதை வேண்டாம். என்ன செய்யலாம், எங்கே சறுக்கும் என்று சொன்னால் உதவியாக இருக்கும்.

பாம்பன், உபதேசியார்:

அண்ணே, தெளிவு கிடைத்த பிறகு தொடங்கலாம் என்று காத்திருப்பவர்கள் தொடங்குவதே இல்லை. வாடை எழும்பினால் வடகடலை விட்டுத் தென்கடலுக்குத் தொழிலை மாற்றுகிறோம். அங்கே மீன் கிடக்கும் என்று தெரிந்தா மாற்றுகிறோம்? இந்தப் பக்கம் இனி ஓடாது என்பது மட்டும்தான் தெரியும். இந்த வயதில் வரும் அழைப்பும் அப்படித்தான் வருகிறது.

விசைப்படகுக் குடும்பமாக இருந்தால் மீன்பிடித் தடைக்காலத்தைச் சோதனைக் காலமாக வைத்துக்கொள்ளலாம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள். பங்குச்சாமியாரிடம் கேட்டு ஒரே ஒரு பொறுப்பை மட்டும் வாங்குங்கள்: ஒரு அன்பியம் (பக்கத்து வீடுகள் சேர்ந்த சின்ன செபக்குழு), வாரத்தில் ஒரு மாலை, இரண்டு வீடு. அதற்கு மேல் வேண்டாம். பாதிப்பேர் கவிழ்வது இந்த இடத்தில்தான். முதல் மாதமே செபக்கூட்டம், மறைக்கல்வி, பாடற்குழு என்று எல்லாவற்றையும் தலையில் ஏற்றிக்கொள்வார்கள். ஆடி பிறப்பதற்குள் உடம்பு ஓய்ந்துவிடும். உடனே ‘ஆண்டவர் என்னைக் கூப்பிடவில்லை’ என்று முடிவு கட்டுவார்கள். ஓய்ந்தது உடம்புதான், அழைப்பு இல்லை.

ஒவ்வொரு முறை போய்வந்த பிறகும் நோட்டில் இரண்டு வரி எழுதுங்கள். அன்று இரவு மனசு எப்படி இருந்தது, இரண்டு நாள் கழித்து எப்படி இருந்தது. இந்த இரண்டாவது வரிதான் முக்கியம். இயேசு சபையைத் தொடங்கிய புனித இஞ்ஞாசியார் 1521இல் பம்பலோனா போரில் கால் உடைந்து படுத்திருந்தபோது கண்டுகொண்டது இதைத்தான். வீரப்பிரதாபக் கனவுகள் அந்த நேரத்தில் இனித்தன, பிறகு மனசு வறண்டது. ஆண்டவருக்காகச் செய்ய நினைத்தவை மட்டும் பிறகும் நிறைவாக இருந்தன. அவர் வைத்த விதி இன்னொன்றும் உண்டு: மனசு வறண்டிருக்கும் நாளில் முன்பு எடுத்த முடிவை மாற்றக்கூடாது. மனைவியை அடக்கம் செய்த மாதத்திலும், இலங்கைக் கடற்படையிடம் படகு பிடிபட்ட வாரத்திலும் பெரிய முடிவு எடுக்க வேண்டாம் என்று சொல்வது அதனால்தான். ஓரியூரில் 1693இல் தலை வெட்டப்பட்ட புனித அருளானந்தர் இஞ்ஞாசியாரின் இயேசு சபைக்காரர்தான். இந்தப் பயிற்சியில் வளர்ந்தவர்.

இனிமேல் போய்ப் படிப்பதா என்று கூச்சப்படுகிறவர்களுக்கும் இஞ்ஞாசியாரையே காட்டலாம். முப்பது வயதைத் தாண்டி, பார்சலோனாவில் சிறுவர்களோடு உட்கார்ந்து இலத்தீன் படித்தார்.

ஏர்வாடிப் பக்கம், நன்மை கொண்டுபோகும் பணியில்:

நோயாளிகளுக்கு நன்மை (பூசையில் கொடுக்கும் நற்கருணை அப்பம்) கொண்டுபோகும் பணிக்குத்தான் நம் வயதுக்காரர்கள் அதிகம் வருகிறார்கள். நிரந்தரமாகச் செய்ய ஆயரின் அனுமதி வேண்டும். பங்குச்சாமியார்தான் எழுதி வாங்கித் தருவார். நம் கரை 1987இல் உருவான சிவகங்கை மறைமாவட்டத்தில் இருக்கிறது, அங்கிருந்துதான் வரும்.

நன்மை வைக்கும் சிமிழைத் துணிப்பையில் வைத்துக் கழுத்தில் மாட்டி, சட்டைக்கு உள்ளே விட்டுக்கொள்ளுங்கள். பைக் பெட்டியில் வைக்காதீர்கள். கோயிலிலிருந்து நேராக வீடு. வழியில் டீக்கடை, ஏலக்கூடம், பேச்சு எதுவும் கூடாது. முதல் நாளே வீட்டுக்காரர்களிடம் சொல்லி வைத்தால் சின்ன மேசையில் வெள்ளைத் துணி, பாடுபட்ட சுரூபம் (இயேசு அறையப்பட்ட சிலுவை), ஒரு மெழுகுவர்த்தி, அரை டம்ளர் தண்ணீர், ஒரு ஸ்பூன் தயாராக இருக்கும். காற்று வீசும் குடிசையில் மெழுகுவர்த்தி நிற்காது. வாய் அகன்ற கண்ணாடி டம்ளருக்குள் வையுங்கள்.

உள்ளே போனதும் முதல் கேள்வி, ‘தண்ணி முழுங்க முடியுதா, ஆத்தா?’ புரையேறினால் நன்மையில் மிளகளவு துண்டு போதும், பின்னாலேயே ஒரு ஸ்பூன் தண்ணீர். வாந்தி இருந்தாலோ, மூக்கில் குழாய் இருந்தாலோ அன்று செபம் மட்டும்; சாமியாரிடம் சொல்லுங்கள். வாழ்த்து, பாவ மன்னிப்பு செபம், நற்செய்தியில் நாலைந்து வசனம், ‘விண்ணகத்திலிருக்கிற எங்கள் தந்தையே’, நன்மை, கொஞ்சம் மௌனம், முடிவு செபம். மொத்தம் பத்துப் பன்னிரண்டு நிமிடம். நீட்டினால் நோயாளி தளர்ந்துவிடுவார். மிஞ்சியதைக் கோயிலுக்குத் திருப்பிக் கொண்டுபோங்கள், அல்லது நீங்களே உட்கொள்ளுங்கள். பிறகு சிமிழில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றிக் குடித்துத் துடைக்க வேண்டும்.

அடிக்கடி எதிர்ப்படுவது ஒன்று. ‘கஞ்சி குடிச்சிட்டேன், நன்மை வேணாம் தம்பி’ என்று கிழவிகள் முகத்தைத் திருப்பிக்கொள்வார்கள். ஒரு மணி நேர உபவாசம் முதியவர்களுக்கும், நோயாளிகளுக்கும், அவர்களைக் கவனிக்கிறவர்களுக்கும் கட்டாயம் இல்லை. இது திருச்சபைச் சட்டத்திலேயே இருக்கிறது. சர்க்கரை நோயாளிகள் நன்மைக்காக வெறும் வயிற்றோடு காத்திருந்து மயங்குவதை இந்த ஒரு வார்த்தை தடுத்துவிடும். தயவுசெய்து ஒவ்வொரு வீட்டிலும் சொல்லுங்கள்.

பாவசங்கீர்த்தனமும் (பாவ அறிக்கை கேட்பது) நோயில் பூசுதலும் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) சாமியார்களுக்கு மட்டுமே உரியவை. நோயாளி மனம் திறந்து ஏதாவது சொல்லத் தொடங்கினால், ‘சாமியாரைக் கூட்டிட்டு வரவா?’ என்று கேளுங்கள். காதில் விழுந்ததைத் தெருவில் விட்டால் அதோடு அந்த வீட்டுக் கதவு உங்களுக்கு மூடிவிடும். ‘ஆண்டவர் கட்டாயம் சுகம் தருவார்’ என்று வாக்குக் கொடுக்காதீர்கள். சுகம் வராதபோது அந்த நோயாளி தன் விசுவாசத்தின் மேல் பழி போட்டுக்கொள்வார். அது கொடுமை.

தங்கச்சிமடம், அன்பியப் பொறுப்பில் இருக்கும் பெண்:

பெண்களுக்கு வரும் அழைப்பைப் பற்றி யாரும் எழுதவில்லை. இலங்கைச் சிறையில் ஆட்கள் இருக்கும் வீடுகளுக்குப் போவது இங்கே பெரிய பணி. அதற்கு வயதான பெண்கள்தான் பொருத்தம். கதவு தட்டாமலே உள்ளே போகலாம்.

முதல் நாள் வேதம் வாசிக்க வேண்டாம். ‘எல்லாம் ஆண்டவர் சித்தம்’ என்ற பேச்சே வேண்டாம். சமைத்துக் கொண்டுபோங்கள், பிள்ளைகள் சாப்பிடட்டும். அந்தப் பெண் பேசினால் கேளுங்கள். இரண்டாம் நாள் காகிதங்களை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்: ஆதார் நகல், மீனவர் அடையாள அட்டை, சங்க அட்டை, படகுப் பதிவு நகல், இரண்டு போட்டோ. மீன்வளத்துறை அலுவலகத்துக்கு அவளோடு நீங்களும் போய் வாருங்கள். செபம் அதற்குப் பிறகு தானாக வரும், அவளே கேட்பாள். திருப்பாடல் 107இல் கடலில் கப்பலேறித் தொழில் செய்பவர்களைப் பற்றிய பகுதி 23 முதல் 30 வரை. அது போதும். விடுதலைத் தேதியைப் பற்றி மட்டும் வாய் திறக்காதீர்கள். வழக்கு தள்ளிப்போனால் நொறுங்குவது அவள்தான்.

தொண்டி:

தயங்குகிறவர்களுக்கு வேதத்தில் மோசேயை ஆண்டவர் கூப்பிடும் விடுதலைப் பயண நூல் 3, 4 அதிகாரங்களைக் கொடுங்கள். மோசேக்கு அப்போது வயது 80. ஐந்து முறை சாக்குச் சொல்கிறார். ஆண்டவர் அவர் குறையை மாற்றவில்லை. திக்குவாயோடே அனுப்புகிறார், ஆரோனைத் துணைக்குத் தருகிறார். அதனால் தனியாகப் போகாதீர்கள், இரண்டு பேராகப் போங்கள். யோவான் 21ஐயும் முழுதாக வாசியுங்கள். பேதுரு பக்கத்தில் நிற்கிற சீடனைக் காட்டி ‘இவனுக்கு என்ன?’ என்று கேட்கிறார். அது உனக்கெதற்கு, நீ என் பின்னால் வா என்கிறார் ஆண்டவர். அடுத்தவருக்குக் கொடுத்த பொறுப்பைப் பார்த்துப் புழுங்குகிறவர்களுக்கு இதைவிட நேரான பதில் இல்லை.

பாம்பன், உபதேசியார்:

ஒன்று விட்டுப்போனது. கடன். படகு முதலாளியிடம் வாங்கிய முன்பணம் பாக்கி இருந்தால் முதலில் அதை மகன்களோடு உட்கார்ந்து பேசி, யார் எந்த மாதம் கட்டுவது என்று எழுதி வையுங்கள். நன்மை கொண்டுபோகும் பணிக்குச் சம்பளம் இல்லை. உபதேசியாருக்குக் கிடைப்பதும் சொற்பம்தான். வீட்டம்மாவின் சம்மதம் இல்லாமல் தொடங்கியவர்கள் பெரும்பாலும் ஒரு வருடம் தாண்டவில்லை; வீட்டம்மாவைக் கேட்காமல் சாமியாரிடம் போகாதீர்கள். பங்குப் பணத்தை, உண்டியல் சாவியை, திருவிழா வரிவசூலை முதல் வருடம் கையில் வாங்கவே வேண்டாம். சாமியாரே கொடுத்தாலும் ‘அடுத்த வருசம் பார்க்கலாம் சாமி’ என்று சொல்லிவிடுங்கள்.