டிராக்நெட் ஜோ ஃப்ரைடே மாதிரி ஒரு வானொலி போலீஸ் நாடகம், இங்கே எடுபடுமா?

மண்டபத்தான்:
மீன்பிடித் தடைக்காலத்தில், அதாவது ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, விசைப்படகுகள் கரையில்தான் நிற்கும். அந்தச் சும்மா இருக்கிற நேரத்தில் நாங்கள் நாலைந்து பேர் சேர்ந்து வானொலிக்கு ஒரு துப்பறியும் தொடர் எழுதலாம் என்று இருக்கிறோம். கதை கடல் அட்டைக் கடத்தல்; கடலடியில் ஊர்கிற, இப்போது பிடிக்கத் தடையுள்ள அந்த உயிரினம்தான். மாதிரிக்கு அமெரிக்காவின் பழைய 'டிராக்நெட்' வானொலி நாடகங்களை இணையத்தில் கேட்டேன். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் சார்ஜென்ட் ஜோ ஃப்ரைடே, பேட்ஜ் எண் 714. மனிதர் பஞ்ச் வசனம் பேசமாட்டார், கத்தமாட்டார், மாநிலச் செய்தி வாசிக்கிற குரலில் கேள்வி கேட்டுக்கொண்டே போகிறார். ஆனால் நிறுத்த மனசு வரவில்லை. அப்படி என்னதான் செய்கிறார்கள்? நம்ம ஆட்களுக்கு இது பிடிக்குமா?

தொண்டி டிரான்சிஸ்டர்:
தம்பி, அதில் ஹீரோ ஃப்ரைடே இல்லை, அவர் பார்க்கிற வேலைதான் ஹீரோ. தொடரை உருவாக்கி ஃப்ரைடேயாகவும் நடித்த ஜாக் வெப் 1948-ல் ஒரு போலீஸ் படத்தில் சின்ன வேடத்தில் நடித்தபோது, அங்கே ஆலோசகராக வந்த நிஜ போலீஸ்காரரோடு பழக்கமாகி, அதிலிருந்து பிறந்த யோசனை இது. 1949 ஜூனில் என்பிசி வானொலியில் ஆரம்பித்தது. போலீஸ் கோப்பிலிருந்து வழக்கை எடுப்பார்கள், பெயரை மட்டும் மாற்றுவார்கள், கடைசியில் குற்றவாளிக்கு என்ன தண்டனை கிடைத்தது என்பதையும் அறிவித்துவிடுவார்கள். ஒரு வழக்கில் பத்து பேரை விசாரித்தால் எட்டுப் பேரிடம் ஒன்றும் கிடைக்காது, அதையும் சலிக்காமல் கேட்க வைப்பார்கள். டைப்ரைட்டர், டெலிபோன், நடைபாதையில் காலடி, எல்லாச் சத்தத்திலும் வெப் அவ்வளவு கறார். 'மனித வெடிகுண்டு' கதையைக் கேளுங்கள்: நகர மன்றத்தைத் தகர்ப்பேன் என்று ஒருவன் குண்டோடு வந்து உட்கார்ந்திருப்பான். 1951 டிசம்பரில் டிவிக்குப் போனபோதும் முதலில் அதைத்தான் காட்டினார்கள்.

இலங்கை வானொலி நாடகம் கேட்டு வளர்ந்த கரை இது, காதால் கதை பார்க்கத் தெரிந்தவர்கள். கட்டாயம் எடுபடும்.

கீழக்கரைப் பேத்தி:
நானும் கேட்டிருக்கிறேன், பிடிக்கும். ஆனால் ஒன்று சொல்ல வேண்டும். லாஸ் ஏஞ்சலஸ் போலீஸ் துறையின் ஒத்துழைப்போடு செய்த தொடர் அது, அதனால் போலீஸ் பக்கத்துத் தப்பு அதில் பெரிதாக வெளியே வராது. 1965-ல் அந்த ஊரிலேயே வாட்ஸ் பகுதியில் போலீஸோடு கறுப்பின மக்கள் மோதி ஊரே பற்றி எரிந்தது. 1967-ல் தொடர் டிவிக்குத் திரும்ப வந்தபோது ஃப்ரைடே பழையபடி யோக்கியர், கூடவே எல்.எஸ்.டி. என்கிற போதைப்பொருள் எடுக்கிற பையன்களுக்கு நீள நீளமாகப் புத்திமதி வேறு. 1970 வரை அப்படியே ஓட்டினார்கள். எனக்கு அந்தப் பகுதி தாங்காது.

நீங்கள் எடுத்திருக்கும் அட்டை விஷயத்தையே பாருங்களேன். 2001-ல் தடை வருவதற்கு முன் அது ஊரறிந்த தொழில், முங்கி எடுத்தவரும் அவித்துக் காயப்போட்டவரும் திருடர்கள் இல்லை. இன்றைக்கும் தள்ளுமடி வலையில் மீனோடு அது தானாக ஏறி வரும். கதவைத் தட்டும் போலீஸுக்கு மட்டும் வசனம் எழுதி, உள்ளே நிற்கிற பெண்ணுக்கு "தெரியாதுங்கய்யா" என்ற ஒரே வரி கொடுத்தால் நான் ரேடியோவை அணைத்துவிடுவேன்.

பாம்பன் பாலத்தடி:
அக்கா சொன்னது நியாயம். நான் சொல்ல வந்தது கூட்டாளி பற்றி. ஃப்ரைடேயின் முதல் ஜோடி பென் ரொமேரோ. அந்த நடிகர் 1951 டிசம்பரில் இறந்ததும் கதையிலும் ரொமேரோவை மாரடைப்பில் சாகவிட்டு, அந்தத் துக்கத்தையே ஒரு நாடகமாக்கினார்கள். பிறகு வந்த ஃபிராங்க் ஸ்மித் உடம்பு, சாப்பாடு, பெண்டாட்டி என்று வளவளப்பார், ஃப்ரைடே உம் கொட்டுவார். அந்த வளவளப்பு இல்லாவிட்டால் விசாரணை வறண்டுவிடும். உங்கள் எஸ்.ஐ.க்கும் நண்டுக் குழம்பு பற்றியே பேசுகிற ஒரு ஏட்டு கொடுங்கள்.

இன்னொன்று, "விவரம் மட்டும் போதும் அம்மா" என்பது ஃப்ரைடே வசனம் என்று எல்லாரும் எழுதுகிறார்கள். அந்த வடிவத்தில் அவர் சொன்னதே இல்லை, 1953-ல் வந்த ஒரு கிண்டல் இசைத்தட்டு கிளப்பிவிட்டது. உங்கள் எஸ்.ஐ.யும் அதைச் சொல்ல வேண்டாம்.

மண்டபத்தான்:
எல்லாருக்கும் நன்றி. ஃப்ரைடே ஒவ்வொரு கதையையும் கிழமை, வானிலை, எந்தப் பிரிவில் டூட்டி என்று தொடங்குவார் இல்லையா, அதை எடுத்துக்கொள்கிறோம்: "செவ்வாய்க்கிழமை. கச்சான் காற்று. மண்டபத்தில் இரவு ரோந்து." ஏட்டும் உண்டு, நண்டுக் குழம்பும் உண்டு. அக்கா, முதல் கதையை அட்டை அவிக்கிற வீட்டுக்குள்ளிருந்தே தொடங்கலாம் என்று பையன்களிடம் சொல்லிவிட்டேன், ஒருவன் மட்டும் இன்னும் முறைத்துக்கொண்டிருக்கிறான். 2001-க்கு முன் அந்தத் தொழில் பார்த்த பெரியவர் யாராவது உங்கள் பக்கம் பேசத் தயாராக இருந்தால் சொல்லுங்கள், பெயர் போட மாட்டோம். அவித்த பிறகு மணலில் புதைப்பார்களே, எத்தனை நேரம் என்பதிலிருந்து எல்லாம் கேட்டுக்கொள்ள வேண்டும்.