கோட், பக், டெஸ்டிங் எல்லாம் ஒரே இடத்தில்: சின்ன டீமுக்கு கிட்லாப் சரிப்படுமா?

யார்டு_டெவ்:
மணலி புதுநகர் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை. கேட் பாஸ், வண்டி என்ட்ரி, பில்லிங் எல்லாம் நாங்களே எழுதிய சாஃப்ட்வேர்தான். கோட் எஸ்விஎன்னில் (கோட் மாற்றங்களைப் பதிவு வைக்கும் டூல்), பக் லிஸ்ட் எக்செலில், "அது சரி பண்ணியாச்சா?" என்ற கேள்வி வாட்ஸ்அப்பில். லைவில் ஓடும் வெர்ஷனில் எந்த பக் சரியானது என்று கேட்டால் ஆளுக்கு ஒரு பதில், அதற்குள் கேட் ஸ்லிப் நின்று பொன்னேரி ரோடு வரை டிரெய்லர் வரிசை. எல்லாம் ஒரே பிளாட்ஃபார்மில், நம் சர்வரிலேயே வேண்டும் என்கிறார் மேனேஜர், காசு மட்டும் கேட்கக் கூடாதாம். எல்லாம் ஒன்றாக வரும் கிட்லாப் போடலாமா, இல்லை பக் லிஸ்ட்டுக்கு ஜிரா, பில்ட், டெஸ்ட் தானாக ஓட ஜென்கின்ஸ் என்று தனித்தனியாகவா?

ராயபுரத்தான்:
சொந்த சர்வர் என்றால் ஜிராவை மறந்துவிடுங்கள், அவர்களுடைய சர்வர் எடிஷனுக்கு 2024 பிப்ரவரியோடு சப்போர்ட் முடிந்தது. 10 பேர் வரை இலவசம் என்பது கிளவுடுக்குத்தான். கிட்லாபின் இலவச கம்யூனிட்டி எடிஷன் போதும், 8 ஜிபி ராம் கொடுங்கள். பில்ட், டெஸ்ட்டை ஓட்டும் ரன்னரை மட்டும் அதே மெஷினில் வைக்காதீர்கள், பில்ட் ஓடும்போது சைட்டே திணறும். அப்புறம் பேக்கப் கமாண்ட் எல்லாவற்றையும் எடுத்துவிடும் என்று நம்பாதீர்கள், டேட்டாவைத் திறக்கும் சாவிகள் உள்ள சீக்ரெட்ஸ் ஃபைலைத் தனியாக எடுத்து வைக்க வேண்டும்.

டெஸ்டர்_அக்கா:
தம்பி, டெஸ்டிங்கும் ஒரே இடத்தில் என்று கேட்டிருக்கிறாய், அதை யாரும் தொடவில்லை. கையால் பார்க்கும் டெஸ்ட் கேஸுக்கான பகுதி கிட்லாபில் அல்டிமேட் பிளானில்தான் உண்டு, இலவசத்தில் இல்லை. அதைக் கோடோடு ஒரு ஃபோல்டரில் டெக்ஸ்ட் ஃபைலாக வைத்துக்கொள். ஆனால் ஆட்டோமேஷன் ரிசல்ட்டை ஜேயூனிட் என்ற எக்ஸ்எம்எல் ஃபார்மேட்டில் கொடுத்தால் மெர்ஜ் ரிக்வெஸ்டிலேயே (புது கோடை மெயின் கோடில் சேர்க்கக் கேட்கும் பக்கம்) எது பெயில் என்று காட்டும், பைப்லைன் (தானாக ஓடும் பில்ட், டெஸ்ட் வரிசை) பாஸ் ஆகாமல் மெர்ஜ் செய்ய முடியாதபடியும் பூட்டலாம், இது இரண்டும் இலவசம்.

கன்டெய்னர் நம்பரில் ஆரம்பி. 4 எழுத்து, 6 எண், கடைசியில் நம்பர் சரியா என்று பார்க்கும் செக் டிஜிட். முன்னால் உள்ள 10-ஐயும் வைத்துப் போடும் கூட்டலை 11-ஆல் வகுத்து மீதி 10 வந்தால் செக் டிஜிட் 0, அந்த இடத்தைத்தான் நிறைய பேர் கோட்டை விடுவார்கள். அதற்கு டெஸ்ட் எழுதினால் கேட்டில் பாதிச் சண்டை குறையும்.

யார்டு_டெவ்:
சரி அக்கா, அதிலிருந்தே தொடங்குகிறோம். எஸ்விஎன் ஹிஸ்டரி போய்விடுமா?

ராயபுரத்தான்:
போகாது, கிட் எஸ்விஎன் குளோன் என்ற கமாண்ட் பழைய கமிட்டோடு (பதிவான மாற்றங்கள்) கொண்டு வரும். பெரிய ரெப்போ என்றால் மணிக்கணக்கில் ஓடும், ராத்திரி போட்டுவிட்டுப் போங்கள். எக்செலில் ஓப்பனாக இருக்கும் பக்கை மட்டும் ஏற்றுங்கள், குளோஸ் ஆனது எதற்கு?