1963 ஸ்டிங் ரேயா, புது சி8-ஆ?

கேள்வி:
அமெரிக்காவின் பௌலிங் கிரீன் ஊரிலுள்ள கார்வெட் ஸ்போர்ட்ஸ் கார் அருங்காட்சியகத்துக்குப் போய் வந்ததிலிருந்து 1963 கார்வெட் ஸ்டிங் ரே நினைப்பாகவே இருக்கிறது. பின் கண்ணாடியின் நடுவே முதுகெலும்பு மாதிரி ஒரு பட்டை ஓடுகிறதே, அதில்தான் விழுந்தேன். அந்தப் பணத்துக்குப் புது சி8 (எட்டாம் தலைமுறை கார்வெட்) வாங்கலாமே என்கிறார் மனைவி. ஓட்டிப் பார்த்தவர்கள் சொல்லுங்கள்.

பதில் 1:
நண்பருடைய 63-ஐ ஒரு மணி நேரம் ஓட்டினேன். நான்கு சக்கரத்திலும் டிரம் பிரேக். சிக்னல் மஞ்சளாகும் முன்பே மிதிக்கத் தொடங்க வேண்டும். டிக்கிக்கு வெளிக்கதவே கிடையாது, பெட்டியை சீட்டுக்குப் பின்னால் திணிக்க வேண்டியதுதான். ஆனாலும் 327 கன அங்குல வி8 எஞ்சின் உறுமும்போது கியர் கம்பி உள்ளங்கையில் அதிரும் பாருங்கள்! சி8-இல் மேனுவல் கியரே இல்லை.

பதில் 2:
என்னிடம் சி8 இருக்கிறது. 6.2 லிட்டர் எஞ்சின் முதுகுக்குப் பின்னால். அந்தக் கால கார்வெட் பொறியாளர் ஆர்கஸ்-டன்டோவ் பல்லாண்டு கேட்டும் கிடைக்காத அமைப்பு, 2020 மாடலில்தான் வந்தது. அப்புறம், உங்களைக் கவிழ்த்த அந்தப் பட்டை அவருக்கே பிடிக்காது. பின்னால் பார்வையை மறைக்கிறது என்பார். 1964-இலேயே எடுத்துவிட்டார்கள்.

கேட்டவர்:
சரி. டிரம் பிரேக் விஷயத்தை மட்டும் வீட்டில் சொல்லப் போவதில்லை.