அப்டேட்: ஓப்பன் பேக் ஹெட்போன் மாட்டி கானா ரெக்கார்டிங்
போன வாரம் கேட்டிருந்தேன்ல, திருவொற்றியூர்ல வீட்லயே கானா பாடி ரெக்கார்ட் பண்றேன், வோக்கல் டிராக்ல டிக் டிக்னு சத்தம் வருது, மைக் போச்சான்னு. மைக்குக்கு ஒண்ணும் ஆவல, ஹெட்போன் தான்ப்பா. ஓப்பன் பேக், கப்பு பின்னாடி ஃபுல்லா ஓட்டை, தாளம் தப்பாம இருக்க காதுல ஓடுற கிளிக் சத்தம் அப்படியே வெளிய வந்து, சின்ன சத்தத்தையும் புடிக்கிற கண்டன்சர் மைக்ல ஏறிடுது. மச்சான்கிட்ட சோனி எம்டிஆர்-7506 வாங்கி மாட்டிப் பாடுனேன், மூடுன கப்பு, டிராக் க்ளீனா வந்துச்சு.

ஆனா மிக்ஸ் பண்ண உக்காந்தா ஓப்பன் பேக் தான் கெத்து, டோலக் ஒரு பக்கம் குரல் நடுவுலன்னு தனித்தனியா கேக்குது, காதும் வேகல. அதோட இம்பீடன்ஸ் (மின்தடை மாரி) 300 ஓம்ன்றதால போன்ல சவுண்டு பத்தல, மைக்கையும் ஹெட்போனையும் கம்ப்யூட்டர்ல சேக்குற ஆடியோ இன்டர்ஃபேஸ்ல ஓக்கே. என்ன, பகல்ல கன்டெய்னர் லாரி ஹாரன்லாம் உள்ள வந்துடுது, ராத்திரி கேட்டா பக்கத்துல படுத்திருக்க அம்மா "கொசு மாரி கொய்ங்குதுடா, நிறுத்து"ன்றாங்க.