அமெரிக்க அரசியலமைப்பின் ஐந்தாவது திருத்தத்தில் ஒரு பகுதி மட்டும் மாநிலங்களைக் கட்டுப்படுத்தாதது ஏன்? விளக்க முடியுமா?

நண்பர்களே, கலிபோர்னியாவில் இருக்கிறோம். மகள் பன்னிரண்டாம் வகுப்பு, அடுத்த வாரம் அமெரிக்க அரசாங்கப் பாடத்தில் தேர்வு. அவள் கேட்ட ஒரு கேள்வியில் நான்கு நாளாக மாட்டிக்கொண்டு நிற்கிறேன்.

பின்னணி எனக்குப் புரிகிறது. உரிமைப் பட்டியல் (அரசியலமைப்பின் முதல் பத்துத் திருத்தங்கள்) மத்திய அரசை மட்டுமே கட்டுப்படுத்தும் என்று 1833-ல் பாரன் வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது. 1868-ல் 14-வது திருத்தம் வந்தது. உரிய சட்ட நடைமுறை இல்லாமல் எந்த மாநிலமும் ஒருவரின் உயிர், சுதந்திரம், சொத்தைப் பறிக்கக் கூடாது என்கிறது அது. அந்த ‘உரிய சட்ட நடைமுறை’ என்ற சொற்றொடர் வழியாக உரிமைகள் ஒவ்வொன்றாக மாநிலங்கள் மீதும் ஏறின: 1963-ல் கிடியன் வழக்கில் ஏழைக்கும் வக்கீல் (எனக்கு மிகவும் பிடித்த தீர்ப்பு இதுதான்), 2019-ல் டிம்ஸ் வழக்கில் மிகையான அபராதத்துக்குத் தடை.

சிக்கல் ஐந்தாவது திருத்தத்தில். ஒரே குற்றத்துக்கு இரண்டு முறை விசாரணை கூடாது என்பது 1969-ல் பென்டன் வழக்கில் மாநிலங்களுக்கும் பொருந்தியது. அதே திருத்தத்தில் உள்ள கிராண்ட் ஜூரி உரிமை (கடுமையான குற்றத்துக்கு ஒருவர் மீது வழக்குத் தொடரலாமா என்று குடிமக்கள் குழு ஒன்று முதலில் முடிவு செய்வது) பொருந்தவில்லை. 1884-ல் வந்த ஹுர்ட்டாடோ தீர்ப்பு இன்றும் நிற்கிறது. அதுவும் எங்கள் மாநில வழக்குதான்! இங்கே நீதிபதி முன் பூர்வாங்க விசாரணை நடத்தியே வழக்கைத் தொடரலாம்.

பாடப்புத்தகம் பார்த்தாயிற்று, ஹுர்ட்டாடோ தீர்ப்பையும் அதில் நீதிபதி ஹார்லன் எழுதிய மாற்றுத் தீர்ப்பையும் படித்தாயிற்று. ஆசிரியரிடம் கேட்டதற்கு, “தேர்ந்தெடுத்துத்தான் சேர்ப்பார்கள்” என்பதோடு நிறுத்திக்கொண்டார். அது பெயர்தானே, காரணம் இல்லையே.

1960-களில் இத்தனை உரிமைகளைச் சேர்த்த பிறகும் கிராண்ட் ஜூரியை வெளியே விட்டிருப்பதற்குச் சட்டரீதியான காரணம் என்ன?