பத்து காவான் பொது டென்னிஸ் திடல்: புதுப்பிப்பு

செபராங் பிறை மாநகர் மன்றத்திடம் 8 களங்கள் கேட்கலாம் என்று முன்பு எழுதியதில் ஒரு பிழை. கோட்டுக்குள் இருக்கும் 23.77 x 10.97 மீட்டரை மட்டும் பெருக்கி 2,086 சதுர மீட்டர் என்றேன். ஓட இடம் சேர்த்தால் ஒரு களத்துக்கே 36.57 x 18.29 மீட்டர்; 8 களங்களுக்கும் மொத்தம் சுமார் 5,350 சதுர மீட்டர். கார் நிறுத்துமிடம் தனி.

களங்களை வடக்கு-தெற்காகவே போடுங்கள். இல்லையேல் மாலையில் சர்வ் எடுப்பவர் கண்ணில் வெயில்தான்.

நம்ம ஊர் மழைக்கு வாட்டம்தான் (நீர் வடியத் தளத்துக்குத் தரும் சரிவு) உயிர். பக்கவாட்டில் 100க்கு 1, ஒரே தளமாக: 18 மீட்டருக்கு 18 செ.மீ. இறக்கம். வலையிலிருந்து இருபுறமும் சரித்தால் ஆட்டம் கெடும். தார் போட்டதும் அக்ரிலிக் (மேல்பூச்சு) பூசக்கூடாது. 14 நாளாவது ஆறவிட்டு, நீர் நிரப்பிப் பாருங்கள். ஒரு மணி நேரத்துக்குப் பிறகும் குட்டை நின்றால் முதலில் அந்தப் பள்ளத்தை நிரப்ப வேண்டும்.