டிராக்டரில் ஓடும் விறகு பிளக்கும் மெஷின்: ஆயில் சூடேறினால் புளியங்கட்டையில் நின்றுவிடுகிறது, உதவி வேண்டும்

கேள்வி: மணலி புதுநகர் விறகுத் தொட்டி

வணக்கம். மணலி புதுநகரில் அப்பாவின் விறகுத் தொட்டியை இப்போது நான் பார்த்துக்கொள்கிறேன். பிரியாணி மாஸ்டர்களும் கல்யாணச் சமையல்காரர்களும்தான் எங்கள் வாடிக்கை. சவுக்கு வந்தால் கோடரியே போதும். புளி, வேம்பு, தூங்குமூஞ்சி வந்தால்தான் பாடு. 2016 டிசம்பரில் வர்தா புயலில் விழுந்த மரங்கள் வந்து குவிந்தபோது அப்பா அத்தனையையும் கோடரியும் ஆப்பும் வைத்தே பிளந்தார். அன்றிலிருந்து அவரால் வலது கையைத் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அவர் இனி கோடரியைத் தொடக்கூடாது என்றுதான் இந்த மெஷினைச் செய்தேன்.

35 எச்.பி. பழைய டிராக்டர். டிப்பர் லாரியிலிருந்து கழற்றிய கியர் பம்பு, தகட்டில் ஒரு சுற்றுக்கு 25 சி.சி. என்று இருக்கிறது. அதை டிராக்டரின் பி.டி.ஓ. ஷாஃப்டில் (இன்ஜின் சக்தியை வெளியே எடுக்கும் சுழல் தண்டு) நேராக இணைத்திருக்கிறேன், நிமிஷத்துக்கு 540 சுற்று (ஆர்.பி.எம்.). சிலிண்டர் உள்விட்டம் 100 மி.மீ., ராடு (ஆயில் தள்ள வெளியே வரும் தண்டு) 50, ஓட்டம் (ராடு போகும் தூரம்) 600. ஒற்றை லிவர் வால்வு. டேங்க் 15 லிட்டர், சேஸிஸில் பம்புக்குக் கீழே தொங்குகிறது. டேங்கிலிருந்து பம்புக்கு அரை இன்ச் ரப்பர் ஹோஸ், ஆயில் டேங்குக்குத் திரும்பும் ரிட்டர்ன் 3/8 இன்ச். ஆயில் 46 கிரேடு.

காலையில் நன்றாகப் பிளக்கிறது. ஒரு மணி நேரம் ஓடினால் ராடு ஊர்கிறது, டேங்கில் கை வைக்க முடியவில்லை, ஆயில் மேல் நுரை கட்டுகிறது. முடிச்சுள்ள புளியங்கட்டை வந்தால் ஆப்பு பாதியில் நின்றுவிடுகிறது. வால்வில் உள்ள ரிலீஃப் ஸ்குரூவை (பிரஷர் எந்த அளவைத் தாண்டினால் ஆயில் டேங்குக்கே திரும்ப வேண்டும் என்று வைக்கும் திருகு) இரண்டு சுற்று இறுக்கிப் பார்த்தேன், மாற்றமில்லை. பெரிய பம்பு வாங்கச் சொல்கிறார்கள். வாங்கலாமா?

பதில்: மாதவரம் டிப்பர் மெக்கானிக்

தம்பி, முதலில் அந்த ஸ்குரூவை இறுக்கிய இரண்டு சுற்றையும் திருப்பி விடுங்க, இன்றைக்கே. இப்போது பம்பால் அந்த பிரஷரை எட்ட முடியவில்லை, அதனால்தான் மாற்றம் தெரியவில்லை. நாளைக்கு கோளாறு சரியானதும் பிரஷர் நேராக நீங்க இறுக்கி வைத்த இடத்துக்கு ஏறும். ஹோஸ் வெடிக்கிறது, ராடு வளைகிறது எல்லாம் அப்படித்தான்.

பலம் வேறு, வேகம் வேறு. பலத்தைக் கொடுப்பது பிரஷர். வேகத்தைக் கொடுப்பது நிமிஷத்துக்கு எத்தனை லிட்டர் ஓடுகிறது என்பது. உங்கள் சிலிண்டர் முழுசாக வெளியே வர 4.7 லிட்டர் வேண்டும். 25 சி.சி.யை 540ஆல் பெருக்கினால் நிமிஷத்துக்கு 13.5 லிட்டர். பம்பு புதுசாக இருந்தாலே 21 விநாடி ஆகும். இதைவிட எவ்வளவு கூட ஆகிறது என்று தெரிந்தால்தான் பேச முடியும்.

பம்புக்கும் வால்வுக்கும் நடுவில் ஒரு டி (T வடிவ இணைப்பு) போட்டு 250 பார் வரை காட்டும் பிரஷர் கேஜ் மாட்டுங்க. பிறகு ஆயில் ஆறியிருக்கும்போதும் சூடாக இருக்கும்போதும் இரண்டு அளவு எடுங்க: கட்டை இல்லாமல் ராடு முழுசாக வர எத்தனை விநாடி, ராடு கடைசியில் முட்டி நிற்கும்போது எத்தனை பார். முட்டும்போது லிவரை இரண்டு விநாடிக்கு மேல் பிடிக்க வேண்டாம். அப்போது ஓடும் ஆயில் மொத்தமும் ரிலீஃப் வழியாகத்தான் போகும், அந்தச் சக்தி முழுக்கச் சூடாக மாறும். 13.5 லிட்டர், 150 பார் என்றால் 3.4 கிலோவாட். மூன்று வாட்டர் ஹீட்டரை டேங்குக்குள் போட்ட மாதிரி.

இன்னொன்று. சூடான பிறகு டேங்கிலிருந்து பம்புக்குப் போகும் ஹோஸைப் பாருங்க. கையால் தொட வேண்டாம், கண்ணால் பார்த்தால் போதும்.

பதில்: மீஞ்சூர் விறகு வியாபாரி

என்னிடமும் இதே மாதிரி ஒன்று இருக்கிறது. செலவில்லாத வழி ஒன்று சொல்கிறேன். உங்கள் கட்டை எவ்வளவு நீளம்? ஒன்றரை அடி என்றால் 450 மி.மீ.தான். ஒவ்வொரு தடவையும் ராடை முழுக்க உள்ளே இழுக்காதீர்கள். கட்டை நுழையும் இடம் வந்ததும் லிவரை விட்டால் போகவரக் கால்வாசி நேரம் மிச்சம். பீமில் வெள்ளை பெயின்டால் ஒரு கோடு போட்டு வைத்திருக்கிறேன்.

அப்புறம், பி.டி.ஓ. ஷாஃப்டுக்கு மூடி போட்டிருக்கிறீர்களா? எங்கள் பக்கத்தில் ஒரு ஆளின் லுங்கி முனை அந்த ஷாஃப்டில் சுற்றிக்கொண்டது. லுங்கி கிழிந்ததால் ஆள் பிழைத்தார். கிழியாத துணியாக இருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று இன்றும் நினைத்துப் பார்ப்பேன். மூடி இல்லாமல் அப்பாவைப் பக்கத்தில் விடாதீர்கள்.

மணலி புதுநகர் விறகுத் தொட்டி

மூடி இல்லை அண்ணா. நேற்றே 6 இன்ச் பைப்பை நெடுக்கில் வெட்டி ஷாஃப்ட் மேல் கவிழ்த்து, சேஸிஸோடு போல்ட் போட்டுவிட்டேன். ஸ்குரூவையும் தளர்த்தியாச்சு.

அளவுகள் இதோ. ஆறிய ஆயில்: 30 விநாடி, முட்டும்போது 110 பார். ஒரு மணி நேரம் கழித்து: 48 விநாடி, 85 பார்.

மெக்கானிக் அண்ணா சொன்ன ஹோஸைப் பார்த்தேன். காலையில் உருண்டையாக இருந்தது. சூடேறியதும் நடுவில் ஒரு ஜாண் நீளத்துக்கு வயிறு ஒட்டின மாதிரி தட்டையாகிவிட்டது. லிவரைத் தள்ளத் தள்ள இன்னும் ஒட்டுகிறது, பம்பில் கூழாங்கல் அரைக்கிற சத்தம் வருகிறது. எட்டு மாதமாகத் தினமும் அதற்குப் பக்கத்தில்தான் நிற்கிறேன், ஒரு நாளும் குனிந்து பார்த்ததில்லை.

பதில்: மாதவரம் டிப்பர் மெக்கானிக்

கோளாறு அதுதான் தம்பி. பம்பு ஆயிலுக்குத் தவிக்கிறது. அரை இன்ச் ஹோஸில் 13.5 லிட்டர் போனால் விநாடிக்கு கிட்டத்தட்ட 1.8 மீட்டர் வேகம். உறிஞ்சும் பக்கம் 1 மீட்டருக்குள் இருக்கணும். டேங்க் வேறு கீழே தொங்குகிறது. சூட்டில் ரப்பர் இளகி ஒட்டிக்கொள்கிறது, சந்துகளில் காற்று நுழைகிறது, அதுதான் நுரை. நின்ற பிறகு கொஞ்ச நேரத்தில் நுரை அடங்கித் தெளிந்தால் காற்று. மறுநாளும் மோர் மாதிரி வெள்ளையாகவே இருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. உங்களுக்குக் காற்றாகத்தான் இருக்கும்.

85 பாருக்கு உங்கள் சிலிண்டர் ஏழு டன் கூடத் தள்ளாது. 150 பார் கிடைத்தால் 12 டன் வரும், புளியங்கட்டைக்குப் போதும். இந்த டேங்கையும் பைப்பையும் வைத்துக்கொண்டு பெரிய பம்பு போட்டால் இன்னும் மோசமாகத் தவிக்கும்.

பதில்: தண்டையார்பேட்டை லேத்துப் பட்டறை

டேங்கை நான் சொல்கிறபடி கட்டுங்கள். 4 மி.மீ. எம்.எஸ். (பூச்சில்லாத சாதா இரும்பு) தகட்டில் 60 லிட்டர். அடிமட்டம் பம்பை விட ஒரு அடியாவது உயரத்தில் இருக்கட்டும். ஜி.ஐ. தகடு, ஜி.ஐ. பைப் வேண்டவே வேண்டாம், அந்த துத்தநாகப் பூச்சு ஆயிலோடு சேர்ந்து கெட்டுப்போகும். உள்ளே நடுவில் ஒரு தடுப்புத் தகடு, அடியில் மட்டும் வழி. ஒரு பக்கம் ரிட்டர்ன் வந்து விழ வேண்டும், மறுபக்கம் பம்பு உறிஞ்ச வேண்டும். ரிட்டர்ன் பைப் முனையைச் சாய்வாக வெட்டி ஆயிலுக்குள் முக்கி வையுங்கள். மேலே இருந்து அருவி மாதிரி கொட்டினால் திரும்பவும் நுரைதான்.

உறிஞ்ச 1¼ இன்ச், உள்ளே கம்பிச் சுருள் உள்ள சக்‌ஷன் ஹோஸ். ரிட்டர்ன் 3/4 இன்ச். ராடு உள்ளே போகும்போது பம்பு தருவதைவிட மூன்றில் ஒரு பங்கு கூடுதலாகத் திரும்பி வரும், அதை மறந்துதான் எல்லோரும் ரிட்டர்னைச் சின்னதாகப் போடுகிறார்கள். ரிட்டர்னில் ஒரு ஃபில்டரும் வையுங்கள். மண்ணடி செம்புதாஸ் தெருப் பக்கம் விசாரியுங்கள்.

எண்ணூர்க் காற்று அடிக்கிற இடம் உங்களுடையது. ராடில் நகத்தை வைத்து இழுத்துப் பாருங்கள், சின்னக் குழி தட்டுகிறதா? உப்புக் காற்றில் குரோம் பூச்சு குழி விழுந்தால் அது சீலை அறுத்துவிடும். ராத்திரி ராடை முழுசாக உள்ளே இழுத்து வைத்துவிட்டுப் போங்கள்.

மணலி புதுநகர் விறகுத் தொட்டி

பன்னிரண்டு நாள் ஆயிற்று. டேங்க், சக்‌ஷன், ரிட்டர்ன் எல்லாம் சொன்னபடி மாற்றினேன். ஆயில் 68 கிரேடு, பழைய 46ஐ விடக் கெட்டி. பம்பு, வால்வு, சிலிண்டர் பழையதுதான்.

ஆறிய ஆயில் 24 விநாடி, இரண்டு மணி நேரம் ஓடியபின் 27. நுரை இல்லை. முதல் தடவை முட்டும்போது கேஜ் 170க்குப் போனது. அந்த இரண்டு சுற்றைத் தளர்த்தாமல் விட்டிருந்தால் எங்கே போயிருக்கும் என்று நினைத்தால் வயிறு கலங்குகிறது. ஸ்குரூவை இன்னும் தளர்த்தி 150இல் வைத்திருக்கிறேன். முன்பு நின்ற அதே புளியங்கட்டையை வைத்தேன். 130 வரை ஏறியது, ஒரு முறை படார் என்றது, இரண்டாகி விழுந்தது.

வேகம் இன்னும் வேண்டும். 1:3 பி.டி.ஓ. கியர் பாக்ஸ் ஒன்று பழையதாகக் கிடைக்கிறது. போடலாமா?

பதில்: தண்டையார்பேட்டை லேத்துப் பட்டறை

போடலாம். பம்பு 1620 ஆர்.பி.எம்.மில் சுற்றும், நிமிஷத்துக்கு 40 லிட்டர் பக்கம், ராடு வெளியே வர எட்டு விநாடிக்குள். 150 பாரில் 10 கிலோவாட் இழுக்கும், உங்கள் டிராக்டர் தாங்கும். அந்த வேகம் பம்புத் தகட்டில் சொன்ன அளவுக்குள் இருக்கிறதா, வால்வு 40 லிட்டரைத் தாங்குமா என்று பார்த்துக்கொள்ளுங்கள். 3/4 ரிட்டர்ன் இதற்கும் போதும்.

காசு கொடுப்பதற்கு முன்னால் ஒன்று செய்யுங்கள். பாக்ஸின் ஒரு பக்க ஷாஃப்டைக் கையால் சுற்றி, மறுபக்கம் எந்தத் திசையில் சுற்றுகிறது என்று பாருங்கள். இரண்டே பல்சக்கரம் உள்ள பாக்ஸ் திசையை மாற்றிவிடும். உங்கள் பம்பு இப்போது நேர் இணைப்பில் சரியாக ஓடுகிறது, திசை மாறினால் உறிஞ்சாது, ஷாஃப்ட் சீல் பிய்த்துக்கொண்டு வந்துவிடும்.

மணலி புதுநகர் விறகுத் தொட்டி

இன்று போய்ச் சுற்றிப் பார்த்தேன். திசை மாறுகிறது. முன்பணம் கொடுக்காமல் வந்துவிட்டேன். அதே திசையில் சுற்றும் பாக்ஸ் கிடைக்கும் வரை இந்த 24 விநாடியே போதும் என்கிறார் அப்பா. லிவரை அவர்தான் இடது கையால் பிடிக்கிறார், கட்டையை நான் எடுத்து வைக்கிறேன். ராடில் நகம் தட்டுகிற இடம் ஒன்று இருக்கிறது, முனையிலிருந்து நான்கு விரற்கடை தள்ளி. ஞாயிற்றுக்கிழமை சிலிண்டரைக் கழற்றித் தண்டையார்பேட்டைக்கு எடுத்துவருகிறேன் அண்ணா, பட்டறை திறந்திருக்குமா?